ஒன்பதடிப் பலகை

எதால் அடித்திருப்பார்? கடைக்குள் வந்தவள் சுவரோரம் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் அலைச்சறுக்குப் பலகைகளைத்தானே பார்க்க வேண்டும், கண் அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தடவுகிறது. மூலையில் சாய்த்திருக்கும் நீளத் துடுப்பு. கார் கூரையில் மாட்டும் இரும்புப் பட்டை. பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்திருக்கும் சுத்தியல். இது மாதிரி ஒன்றாலா, அது மாதிரி ஒன்றாலா. மெழுகும் புது ரப்பரும் உப்பும் கலந்து ஒரு வாசனை. பக்கத்தில் மாமா நிற்கிறார். கூலிங்கிளாஸை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, "உனக்குப் புடிச்சத எடு ஹேமா, மாமா இருக்கேன்ல" என்கிறார். என் அக்கா மைதிலியின் புருஷன் திவாகர். கடைக்கு வெளியே வேப்பமர நிழலில் அவருடைய கார், அதில் ஏசியைப் போட்டுக்கொண்டு அக்கா உட்கார்ந்திருக்கிறாள், இடது கையில் மாவுக்கட்டு, கழுத்திலிருந்து தொங்கும் நீலத் துணித்தொட்டில். இறங்கி வா என்று கூப்பிட்டேன். "வெயில்டி, நீங்க பாத்துட்டு வாங்க" என்றாள், மடியைப் பார்த்துக்கொண்டு. அலைச்சறுக்குக் கற்றுக்கொள்ள நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கோவளம் வந்துபோக ஆரம்பித்து ஒரு பருவம் ஆகிறது, அப்போதெல்லாம் இந்த மாமா, "கறுத்துப் போய்ட்டா எவன் கட்டுவான் உன்ன" என்று சிரித்தவர். இன்றைக்கு அவரே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார், பிறந்தநாள் பரிசாம். என் பிறந்தநாள் தையில் போய்விட்டது. அந்த எக்ஸ்ரேக்கு அப்புறம்தான் அவருக்கு அது ஞாபகம் வந்தது.

எக்ஸ்ரே எடுப்பதுதான் என் வேலை. செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, தரைத்தளத்தில் சன்னல் இல்லாத அறை. மூச்ச இழுத்துப் புடிங்க, அப்படியே இருங்க, விடுங்க. ஒரு நாளில் எத்தனை தடவை சொல்வேன், தூக்கத்தில்கூட வரும். அக்காவை மாமாதான் தோளில் சாய்த்து அழைத்து வந்தார், கண்ணெல்லாம் கலங்கி, "பாத்ரூம்ல வழுக்கிட்டா ஹேமா, நான் எத்தன தடவ சொல்லியிருப்பேன் பினாயில் போட்டுக் கழுவுன்னு." அக்காவும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். எக்ஸ்ரே தட்டில் கையை வைக்கச் சொன்னேன். அவள் விரல் சில்லென்றிருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் பொத்தானை அழுத்த வந்தபோது மாமாவும் என்னோடு வந்து நின்றார், வெளியே போங்க என்று சொல்லத் தோன்றவில்லை, வீட்டு மனுஷர். திரையில் கை வந்தது. வழுக்கி விழுகிறவர்கள் உள்ளங்கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டுப் பக்கம்தான் போகும், தினம் பார்க்கிறேன். இது முன்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும், சாக்பீஸைக் கிள்ளி உடைத்த மாதிரி குறுக்கே, பக்கத்து எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. முகத்தை நோக்கி ஒன்று வரும்போது கையைத் தூக்குவோமே, அப்போது வெளியே நிற்பது அந்த எலும்புதான். படிக்கும்போது இதற்கு லத்தி முறிவு என்று சொல்லிக் கொடுத்தார்கள், வகுப்பில் எல்லாரும் சிரித்தோம். டாக்டர் கேட்காமலே நெஞ்சையும் ஒரு படம் எடுத்தேன், ஏன் எடுத்தேன், எனக்கே தெரியும் ஏன் என்று. வலது பக்கம் விலாவில் இரண்டு, பழசு, ஆறி முடிச்சுத் தட்டிப் போனவை. பழசு என்றால் எப்போது? என் தீபாவளிப் புடவையை மடித்துக் கொடுத்தாளே அப்போதா, அம்மா திவசத்துக்கு வந்து மூச்சு வாங்குகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாளே அப்போதா? நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் மாமாவின் முகம் நான் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஏதாவது காரணம் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனோ என்னவோ. அடுத்த வாரம் போன் பண்ணி, "போர்டு வேணும்னு சொல்லிட்டு இருந்தியேம்மா" என்றார்.

"அக்கா உங்க வெயிட் என்ன?" கடைக்காரி ஜெனிட்டா கேட்கிறாள், என்னை விடச் சின்னவள், காதில் ஏகப்பட்ட வளையம், சுறுசுறுப்பாக விற்பவள். சொன்னேன். "எத்தனை நாளா பண்றீங்க? எழுந்து நிக்கிறீங்களா?" நிற்கிறேன், கரையோர நுரையில் மட்டும், உடையாத பச்சை அலையில் இன்னும் இல்லை. "அப்ப லாங்போர்டுதான் உங்களுக்கு, ஒன்பது அடிக்குக் குறையவே கூடாது, சின்னதுல ஏறுனா விழுந்துட்டே இருப்பீங்க, வெறுத்துடும்." முதலில் நீலத்தைக் காட்டுகிறாள், மேலே மெத்துமெத்தென்று ஃபோம் ஒட்டியது, விரலால் அழுத்தினால் உள்ளே போய் மெதுவாக எழும்புகிறது. "இது பழகுறவங்களோடது. மண்டையில பட்டாலும் ஒண்ணும் ஆகாது, உங்க மண்டைக்கும் சரி, பக்கத்துல இருக்கறவங்க மண்டைக்கும் சரி." அப்புறம் வெள்ளையை இழுக்கிறாள், எபாக்ஸி பூசி இறுக்கியது, ஒன்பது அடிக்கு மேல் ஒரு சாண், பளபளவென்று விளிம்பு, தட்டினால் டங்கென்று கேட்கிறது. "இது வாங்குனீங்கன்னா வருஷக்கணக்குல வரும், அலையில வழுக்கிட்டுப் போற சுகமே வேற. ஃபோம் ரெண்டு சீசன்ல தண்ணி குடிச்சுக் கனத்துடும்." அவளுக்கு வெள்ளையை விற்க ஆசை, விலைச்சீட்டைத் திருப்பி வைத்துப் பேசுகிறாள். நான் விளிம்பைத் தடவுகிறேன். கெட்டியான சாமான். நுரைக்குள் கவிழ்ந்தால் பலகை எங்கே போகிறது என்று தெரியாது, அதுதான் கடலில் எனக்குப் பயம், தண்ணீர் இல்லை. இரண்டாவது வகுப்பிலோ மூன்றாவதிலோ கவிழ்ந்தேன், அலை என்னைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் தேய்த்தது, மூக்குக்குள் மணல், எது மேலே எது கீழே என்று தெரியவில்லை, யாரோ என் முடியைக் கொத்தாகப் பிடித்து அமுக்குகிற மாதிரி, அமுக்குகிற கைக்கு என் மேல் ஒரு கோபமும் இல்லை, அதற்கு நான் யார் என்றே தெரியாது, அப்படி அமுக்கியது. எழுந்து வாயைத் திறந்த நிமிஷம் காலில் கட்டியிருந்த கயிறு சுண்டிப் பலகை திரும்பி வந்து தாடையில் அறைந்தது. நல்லவேளை ஃபோம். ஒரு வாரம் மெல்ல முடியவில்லை. அது வெள்ளையாக இருந்திருந்தால் நானே தட்டில் தாடையை வைத்து நானே பொத்தானை அழுத்தியிருப்பேன்.

கோபம் இல்லாத அடி ஒன்று, கோபத்தோடு அடி ஒன்று. மாமா எந்த வகை? எதால் என்று தெரிந்தால் அதுவும் தெரிந்துவிடும் போல இருக்கிறது, அதனால்தான் மனசு அதையே போய்ப் போய் முட்டுகிறது. கைக்கு எட்டியதை எடுத்திருந்தால் கோபம். போய்த் தேடி எடுத்துக்கொண்டு வந்திருந்தால்? பெல்ட் இல்லை, பெல்ட் எலும்பை உடைக்காது. குக்கர் மூடி? மூடி வளைந்தது, முறிவு அவ்வளவு நேராக வராது. நேரான கட்டை ஏதோ. மாடிப்படிக் கைப்பிடி கழன்று கிடக்கிறதே, அதுவா? அக்காவிடம் கேட்டேன், மாவுக்கட்டு காய்ந்துகொண்டிருந்தபோது, காதோரம் குனிந்து கேட்டேன். "வழுக்கிட்டேன்னு சொன்னேன்ல" என்றாள். அவள் குரல் அப்படி இருந்ததே இல்லை. மைதிலி யார் என்று இந்தக் கடையில் யாருக்காவது தெரியுமா? சின்ன வயசில் என் முன்பல்லை ஷட்டில் மட்டையால் உடைத்தவள். ரிமோட்டுக்காக என் முதுகில் பதித்த பல்லுக்கு அம்மா மஞ்சள் வைத்தாள். காலேஜ் போகும்போது தாம்பரத்தில் ரயிலேறி ஒருத்தன் இடித்துக்கொண்டே வந்தான், அவள் திரும்பி அவன் கழுத்துப்பட்டையைப் பிடித்து, அறைந்த அறையில் அவன் கண்ணாடி நாலு சீட் தள்ளிப் போய் விழுந்தது, பெட்டி முழுக்க அமைதி, அவள் என்னிடம் திரும்பி, "பசிக்குதுடி, முறுக்கு இருக்கா" என்றாள். அந்த மைதிலி எங்கே போனாள்? ஒருத்தியை எதால் அடித்தால் அவள் அப்படிப் போவாள், எத்தனை வருஷம் அடித்தால்? நான் அப்போதெல்லாம் எங்கே இருந்தேன்? பக்கத்து ஊரில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கடலில் விளையாடிக்கொண்டிருந்தேன்.

"இதெல்லாம் எதுக்கு, படகு மாதிரி இருக்கு" என்று மாமா குறுக்கே வந்து சின்னதாக, கூர்மூக்கோடு இருக்கும் ஒன்றை இழுத்து நிறுத்துகிறார். கடலில் முழங்கால் அளவுக்கு மேல் இறங்காதவர், வீடியோ பார்த்திருக்கிறார், அது போதும் அவருக்கு. "இத எடு ஹேமா. ஸ்டைலா இருக்கு. ஆறே மாசத்துல நீயே பெருச வித்துட்டு இதுக்குத்தான் வருவ." ஜெனிட்டா என்னைப் பார்க்கிறாள், அவரைப் பார்க்கிறாள், யார் பணம் கொடுக்கப் போவது என்று கணக்குப் போட்டு, "சார் சொல்றதும் சரிதான், ஆனா" என்று இழுக்கிறாள். "ஆனா என்ன ஆனா. எனக்குத் தெரியும் அவளுக்கு என்ன வேணும்னு." அக்கா முடி வெட்டிக்கொண்டபோது இதே குரல், அக்கா வேலையை விட்டபோது இதே குரல், மைதிலிக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும் அத்தை என்று அம்மாவிடம் சொன்ன குரல். அம்மா எவ்வளவு பெருமையாகத் தலையாட்டினாள். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து அந்தச் சின்னப் பலகையின் மேல் என் கையை வைக்கிறார். அழுத்தவில்லை, வலிக்கவில்லை, வெறுமனே வைக்கிறார். ஆனால் அந்த விரல்களின் அகலத்தை என் தோல் அளக்கிறது, கட்டை விரல் எங்கே, மற்றது எங்கே. எனக்கு அந்தக் கையை மேசை விளிம்பில் வைத்து மேலிருந்து ஏறிக் குதிக்க வேண்டும். ஒவ்வொரு விரலாகப் படம் எடுத்துத் திரையில் பார்க்க வேண்டும். இருபத்தேழு எலும்பு ஒரு கைக்கு, ஒன்றையும் விடாமல். "பெருசுதான் மாமா" என்கிறேன். என் குரல் எனக்குச் சாதாரணமாகத்தான் கேட்கிறது. கையை இழுத்துக்கொள்கிறேன்.

"தூக்கிப் பாத்துடுங்க அக்கா, தூக்க முடியலேன்னா எவ்ளோ நல்ல போர்டா இருந்தும் வேஸ்ட்" என்று ஜெனிட்டா வெள்ளையைச் சாய்த்துக் கொடுக்கிறாள். அக்குளில் இடுக்கப் பார்க்கிறேன், அகலம், அடிவிளிம்பை விரல் எட்டவில்லை, நழுவுகிறது. "தலையில வைங்க, உங்க உயரத்துக்கு அதான் சரி. ரெண்டு கையாலயும் விளிம்பப் புடிங்க. ஆங். முன்னாடி பாதி பின்னாடி பாதி இருக்கணும்." உச்சந்தலையில் அந்தக் கனம் உட்காருகிறது, கழுத்து ஒரு தடவை உள்ளே இறங்கி நிமிர்கிறது. தூக்க முடிகிறது. எனக்கே ஆச்சரியம். "சட்டுனு திரும்பாதீங்க அக்கா, பின்பக்கம் நாலடி நீட்டிட்டு இருக்கு, யாரு நிக்கிறாங்கன்னு பாத்துட்டுத்தான் திரும்பணும், போன மாசம் ஒருத்தர் என் ட்யூப்லைட்ட உடைச்சிட்டார். கால் கயிறு எடுத்துட்டு வரேன், இருங்க." அவள் பின்கட்டுக்குப் போகிறாள். கதவு அடித்துக்கொள்கிறது. கடையில் நானும் மாமாவும். எனக்கு முன்னால் கண்ணாடிச் சன்னல், அதற்கு அப்பால் வேப்பமரம், கார், காருக்குள் அக்காவின் குனிந்த உச்சி. பின்னால் அவர் செண்ட் வாசனை. மனசு முட்டிக்கொண்டே இருந்தது வாய்க்கு வந்துவிட்டது, சன்னலைப் பார்த்தபடியே கேட்கிறேன், "எதால அடிச்சீங்க மாமா?"

ஃபேன் சுற்றுகிறது. அவர் மறுத்துவிடுவார் என்று ஒரு பக்கம் நினைக்கிறேன், மறுத்தால் நல்லது, மறுத்தால் இந்தப் பலகையை இறக்கி வைத்துவிட்டு நான் அந்தப் பொய்யை நம்பின மாதிரி வீட்டுக்குப் போகலாம். ஒரு சின்னச் சிரிப்பு கேட்கிறது, மூக்கு வழியாக. "மைதிலி சொன்னாளா?" "அவ ஒண்ணும் சொல்லல." "சப்பாத்திக் கட்டை. போதுமா? அதுவும் அவ கையில இருந்தது. அவதான் மொதல்ல ஓங்குனா, நான் புடுங்குனேன். உங்க அக்காவப் பத்தி உனக்குத் தெரியாதா என்ன? புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும் ஹேமா, நீ இதுல தலையிடாத, நீ போர்டப் பாரு." சப்பாத்திக் கட்டை. போன ஞாயிறு அந்த வீட்டில் சாப்பிட்டேன். அக்காவுக்குக் கை முடியாதென்று மாமாதான் தேய்த்தார், மாவு ஒட்டாமல் வட்டவட்டமாக, "பாரு, உங்க அக்காவ விட நல்லா வருது" என்று ஒவ்வொன்றாக என் தட்டில் போட்டார், நான் நாலு தின்றேன், குருமா நன்றாக இருக்கிறது என்றேன். அக்கா எதிரே உட்கார்ந்து அந்தக் கட்டை முன்னும் பின்னும் உருளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு தின்றேன். அவள்தான் முதலில் ஓங்கினாளா, ஓங்கியிருப்பாள், ஓங்கட்டும், என் அக்கா இன்னும் ஓங்குகிறாளா அந்த வீட்டில், எத்தனை தடவை ஓங்கி எத்தனை தடவை பிடுங்கப்பட்டது? தோளுக்கு மேலாகப் பார்க்கிறேன். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். பார்த்தேன். மாமா போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார், பலகையின் வால் அவர் காதோரம் ஒரு முழத்தில். பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.

இடுப்பிலிருந்து திரும்பினேன். அடி என் மண்டைக்குள் கேட்டது, பலகை தலையில் இருந்ததால் அவர் பல் என் உச்சந்தலையில் உடைந்த மாதிரி, கழுத்து நரம்பு வழியாக முதுகுவரை இறங்கியது. அவர் பின்னால் போய்ச் சின்னப் பலகைகள் மேல் விழுந்தார், அவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. வாயைப் பொத்திய விரலிடுக்கில் ரத்தம், சட்டையில், தரையில், கறுப்பாக. எனக்கு இன்னொரு தடவை திரும்ப வேண்டும் போல இருந்தது. அதைத்தான் சொல்ல வேண்டும், பதறவில்லை நான், இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை, எழுந்திருக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் எழுந்தார், "உன்ன" என்று கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார், அந்த முகம் நான் இதுவரை பார்க்காதது, அக்கா தினம் பார்ப்பது. பின்கதவில் ஜெனிட்டா கயிற்றோடு நிற்பதைக் கண்டதும் அந்தக் கை அப்படியே தலைமுடியைக் கோதப் போய்விட்டது. அவ்வளவு சீக்கிரம். "ஒண்ணுமில்லம்மா, தெரியாமப் பட்டுடுச்சு" என்றார், உதடு பிளந்து, சொல் குழறி. ஜெனிட்டா ஓடிவந்து முதலில் பலகையின் வாலில் கீறல் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள், அப்புறம்தான் அவரைப் பார்த்து, "ஐயோ சார், ஐஸ்" என்றாள்.

சத்தம் கேட்டு அக்கா வந்துவிட்டாள். கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தவள் என்னைப் பார்க்கவே இல்லை, நேராக அவரிடம் போய், ஒரு கையால் துப்பட்டாவைச் சுருட்டி அவர் வாயைத் துடைத்தாள், குழந்தைக்குத் துடைக்கிற மாதிரி. வெள்ளைப் பலகையைச் சுவரில் சாய்த்தேன். அவர் அவள் காதருகே குனிந்து, ஜெனிட்டாவுக்குக் கேட்காமல், எனக்குக் கேட்கும்படி, ரொம்ப மெதுவாக, பாசமாகக்கூடச் சொன்னார், "வீட்டுக்கு வா, பாத்துக்கலாம்." துடைக்கிற கை நின்றது. அப்புறம் அந்தத் துணியை உடைந்த பல்லின் மேல் வைத்து அவள் அழுத்தினாள். அவர் அலறினார். "வலிக்குதா?" என்று கேட்டாள், கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். பிறகு துப்பட்டாவை அவர் மேலேயே போட்டுவிட்டு வெளியே போய் வெயிலில் நின்றாள், காருக்கும் கடைக்கும் நடுவில், எந்தப் பக்கமும் போகாமல்.

"எது அக்கா வேணும், சீக்கிரம் சொல்லுங்க" என்றாள் ஜெனிட்டா. எங்களையெல்லாம் கடையை விட்டு அனுப்பினால் போதும் அவளுக்கு. வெள்ளையைப் பார்த்தேன். அதன் வாலை அவள் துணியால் துடைத்துவிட்டிருந்தாள், பளபளவென்று நின்றது, நான் தூக்கக்கூடிய சாமான், நான் திருப்பக்கூடிய சாமான். அதை வீட்டில் வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியாது. "நீலம்" என்றேன். "ஃபோமா?" "ஃபோம்தான்." மாமா ஐஸ் பொட்டலத்தை வாயில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானே போனை நீட்டிப் பணம் அனுப்பினேன்.

நீலத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததும் ரோட்டுக் காற்று பலகையின் அகலத்தில் வந்து அறைந்தது, ஒரு சுற்றுச் சுற்றித் தடுமாறினேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் பின்னால் வந்து வால் பக்கத்தை வலது அக்குளில் இடுக்கிக்கொண்டாள். நடந்தோம். நான் வகுப்புக்குப் போகிற இடம் கொஞ்ச தூரம்தான், அங்கே பலகையை வைத்துவிட்டுப் பஸ் பிடிக்கலாம், என் ரூமுக்கு, அதற்கப்புறம் என்ன என்று எனக்கும் தெரியாது. லாரிகள் உரசிக்கொண்டு போகும்போதெல்லாம் பலகை இழுத்தது. "தெரிஞ்சேதான அடிச்ச?" என்று பின்னாலிருந்து கேட்டாள். "ஆமா." "அறிவிருக்காடி உனக்கு? இன்னிக்கு ராத்திரி அது யாரு மேல விழும்னு யோசிச்சியா?" "நீ அங்க போகப் போறதில்ல." "அதச் சொல்ல நீ யாரு?" ஒரு பக்கம் கொதித்தது, உனக்காகத்தானே என்று கத்தலாம் போல, ஆனால் நான் பலகையைத் திருப்பியபோது எனக்கு அக்கா ஞாபகம் இருந்தாளா, அந்த நாலு சப்பாத்திதான் இருந்தது. "ஹேமா, கை வலிக்குது" என்றாள், வேறு குரலில். நின்றோம். அப்போதுதான் கார் எங்களைத் தாண்டிப் போய், கொஞ்சம் தள்ளி மண்ணில் இறங்கி நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முன்சீட்டுக் கதவு, அக்கா உட்கார்ந்து வந்த பக்கத்துக் கதவு, உள்ளேயிருந்து தள்ளித் திறக்கப்பட்டது.

அக்கா வாலைத் தரையில் வைத்தாள், மெதுவாக, அடிபடாமல். என்னைத் தாண்டி நடந்தாள். போகாதே என்று கத்த வாயைத் திறந்தேன், நுரைக்குள் கவிழ்ந்தால் வாய்க்குள் வருமே ஒரு உப்பு, அதுதான் வந்தது. திறந்த கதவில் அவள் குனிந்தாள். அவர் ஏதோ சொல்வது தெரிந்தது, ஐஸ் பொட்டலத்தை எடுத்துவிட்டுச் சொன்னார், நிறையச் சொன்னார். அவள் உடம்பு பாதி காருக்குள் இருந்தது. பலகையைப் போட்டுவிட்டு ஓடலாமா, ஓடி அவள் இடுப்பைப் பிடித்து இழுக்கலாமா, இழுத்தால் நானும் அவரும் ஒன்றாகிவிடுவோமா? அவள் நிமிர்ந்தாள். தோளில் அவள் கைப்பை, பல்லில் கடித்தபடி மருந்துக் கவர். முழங்காலால் கதவைச் சாத்தினாள், அது சரியாகச் சாத்தவில்லை, மறுபடியும் இடித்தாள். திரும்பி வந்து கவரை என் கையில் கொடுத்துவிட்டு வாலைப் பிடித்து, "தூக்கு" என்றாள்.

அந்தக் காரைத் தாண்டித்தான் போக வேண்டும், இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் லாரிகள். தூக்கினேன். முன்னால் நான். கார்க் கண்ணாடி கறுப்பு, உள்ளே தெரியவில்லை, என் நிழலும் நீலமும் அதில் நீளமாக நகர்ந்தன. பம்பரைத் தாண்டினேன். ஒன்பதடி பின்னால் அக்கா இன்னும் கதவுக்கு நேராக இருந்தாள். கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது. பலகை நின்றது, முன்னால் இழுத்தும் வரவில்லை, அவள் நின்றுவிட்டாள் என்று அக்குள் வழியாக எனக்குத் தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பினால் வால் வீசும், அவள் மேல் படும். இழுக்கவும் இல்லை. அவர் குரல் கேட்டது, என்ன சொன்னார் என்பது காற்றில் போய்விட்டது, அக்கா ஏதோ பதில் சொன்னாள், அதுவும் போய்விட்டது. பிறகு பின்னாலிருந்து பலகை என்னைத் தள்ளியது.